அறுவடைத் தேதி தெரிகிறது, ரயில் வரும் தேதி ஏன் தெரிவதில்லை?

தெற்கு ரயில்வேயின் திருச்சி கோட்ட இயக்கப் பிரிவு, வணிகப் பிரிவு அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழக நிர்வாகத்துக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர், வணக்கம்.

திருவாரூர் மாவட்டத்தில் நெல் பயிரிடும் ஒருவன் எழுதுகிறேன். நெல்லுக்கு விலை கேட்டோ நிவாரணம் கேட்டோ இதை எழுதவில்லை. அவற்றைக் கேட்க வேறு இடங்கள் இருக்கின்றன. உங்கள் இரு தரப்பிடமும் நான் கேட்பது ஒரு அட்டவணை. குறுவைக்கும் சம்பா, தாளடிக்கும் எந்த ரயில் நிலையத்தில், எந்த வாரத்தில், எத்தனை சரக்கு ரயில்களில் நெல் ஏற்றப்படும் என்பதை அறுவடை தொடங்கும் முன்பே சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்ததை ஊர் அறிய வெளியிடுங்கள். சொன்ன நாளில் வண்டி வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

இது நடக்காத காரியம் இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். பம்புசெட் வைத்திருப்பவர்கள் அதற்கும் முன்பே நாற்று விட்டுவிடுவார்கள். குறுவையில் நாங்கள் போடுவது எல்லாம் 105 முதல் 120 நாள் வயதுள்ள ரகங்கள். எந்த ஊரில் எத்தனை ஏக்கர் நட்டிருக்கிறது என்பது கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருக்கிறது. வேளாண்மைத் துறையிடம் வட்டார வாரியாகப் பரப்புக் கணக்கு இருக்கிறது. நெல் விற்க நாங்களும் ஆன்லைனில் பதிவு செய்துவிட்டுத்தான் காத்திருக்கிறோம். ஆக, ஜூலை கடைசியிலேயே, செப்டம்பர் எந்த வாரத்தில் எந்தப் பக்கம் நெல் குவியும் என்று சொல்லிவிடலாம். 2022 முதல் கொள்முதலும் அக்டோபர் 1-க்குப் பதிலாகச் செப்டம்பர் 1-ஆம் தேதியே தொடங்குகிறது. எல்லாத் தேதியும் முன்கூட்டியே தெரிந்திருக்க, நெல்லை ஏற்றிப்போக வேண்டிய ரேக், அதாவது ஒரு சரக்கு ரயிலின் வேகன் தொடர் மட்டும் அன்றன்றைக்குக் கேட்டு, கிடைத்தால் ஏற்றுவது என்ற கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதன் விளைவைக் கொள்முதல் நிலையத்தில் வந்து பாருங்கள். களம் முழுக்க அட்டி போட்ட, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய மூட்டைகள். அதற்குப் பக்கத்திலேயே, இன்னும் எடை போடாத எங்கள் நெல் குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கும். "மூவ்மென்ட் இல்லைங்க, இடம் காலியானா பிடிக்கிறோம்" என்பார் பட்டியல் எழுத்தர். அவர் சொல்வது பொய் இல்லை. புதிதாக ஒரு மூட்டையை வைக்கக்கூட அங்கே இடம் இருக்காது. இரவில் மழை வந்தால் தார்ப்பாயின் ஓரத்தைக் கல் வைத்து அழுத்திக்கொண்டு நிற்போம். தண்ணீர் மேலே இருந்து வருவதைவிடத் தரை வழியாகத்தான் அதிகம் வரும். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால், அடியில் இருக்கும் நெல் கைக்குச் சூடாக இருக்கும், புளித்த வாடை அடிக்கும். அட்டியின் அடிவரிசையில் இருக்கும் சணல் சாக்கின் இழைகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக முளை நீட்டிக்கொண்டிருக்கும். நாற்றங்காலில் பார்த்தால் மனசு குளிரும் முளை அது. மூட்டையில் அதைப் பார்க்கும் வயிற்றெரிச்சலை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2025 அக்டோபரில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். குறுவை நல்ல விளைச்சல். நிலையங்களில் மூட்டைகள் நகரவில்லை, மழை முந்திக்கொண்டது. ஈரப்பத வரம்பை 17 சதவீதத்திலிருந்து 22 சதவீதமாகத் தளர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது, மத்தியக் குழுக்கள் வந்து மாதிரி எடுத்துப் போயின. செறிவூட்டப்பட்ட அரிசிக் கலப்புக்கான ஒப்புதல் வராததால் அரவை தாமதமானது என்று மாநில அரசு சொன்னது. லாரி இல்லை என்றார்கள், சாக்கு இல்லை என்றார்கள், கிடங்கில் இடம் இல்லை என்றார்கள். காரணங்கள் பல இருந்திருக்கலாம். ஆனால் அத்தனைக்கும் நடுவில், ஒரே நேரத்தில் பெரிய அளவு நெல்லை மாவட்டத்தை விட்டு வெளியே எடுக்கும் வலு ரயிலுக்கு மட்டும்தான் உண்டு. அதைக் கடைசி நேரத்து உதவியாகப் பார்க்காமல் முதல் ஏற்பாடாக வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

கணக்கைப் பாருங்கள். டெல்டாவில் இருந்து அரவைக்குப் போகும் ஒரு முழு ரேக் என்றால் பொதுவாக 42 வேகன், 2,000 டன் நெல். 40 கிலோ மூட்டையாக 50,000 மூட்டை. ஒரு கொள்முதல் நிலையம் நாளொன்றுக்கு 1,000 மூட்டை பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 50 நிலையங்கள் ஒரு நாளில் பிடிக்கும் நெல் ஒரு ரேக்கில் போய்விடும். அதே நெல்லை 20 டன் ஏற்றும் லாரியில் ஈரோட்டுக்கோ தர்மபுரிக்கோ அனுப்ப 100 லாரி வேண்டும், ஒவ்வொன்றும் போய்த் திரும்ப இரண்டு நாளாவது ஆகும். டெல்டா மாவட்டங்களில் பருவம் உச்சத்தில் இருக்கும்போது பல நூறு நிலையங்கள் ஒரே சமயத்தில் நெல் பிடிக்கின்றன. உள்ளூர் ஆலைகளும் கிடங்குகளும் பாதியை எடுத்துக்கொண்டால்கூட, மீதிக்கு ஒரு நாளில் பல ரேக் தேவைப்படும். ஒரு வாரம் ரேக் தடுமாறினால் அந்தப் பள்ளத்தை அடுத்த வாரம் நிரப்ப முடியாது. ஏனென்றால் அடுத்த வாரத்து அறுவடை அதற்குள் வந்து நிற்கும்.

பணமாகவும் சொல்கிறேன். 2025-26 பருவத்தில் ஊக்கத்தொகை சேர்த்துப் பொதுரக நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்னரகத்துக்கு 2,545 ரூபாய். பொதுரகம் ஒரு மூட்டை சரியாக 1,000 ரூபாய். ஒரு ரேக் நெல்லின் மதிப்பு 5 கோடி ரூபாய். அத்தனை மதிப்புள்ள சரக்கு சவுக்குக் கட்டை மேலும் தார்ப்பாய்க்குக் கீழேயும் வானத்தை நம்பிக் கிடக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் இருவரும் கவனிக்க வேண்டும். அறுவடையின் வேகம் மாறிவிட்டது. அரிவாளால் அறுத்து, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றிய காலத்தில் ஒரு ஊரின் நெல் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். இப்போது செயின் வண்டி என்கிற அறுவடை இயந்திரம் வயலில் இறங்கினால் இரண்டு மூன்று நாளில் ஊரே முடிந்துவிடுகிறது. நெல் அப்படியே ஈரத்தோடு டிராக்டர் பெட்டியில் கொட்டுகிறது. ஆனால் அந்த நெல்லை வேகனுக்குள் வைப்பது இன்றைக்கும் மனிதத் தலைதான். அறுவடை இயந்திர வேகத்தில் வருகிறது, ஏற்றுவது கால்நடையாகப் போகிறது. இடையில் விழும் இடைவெளிதான் முளைத்த மூட்டை.

ரயில் நிலையத்தின் சரக்கு ஏற்றும் இடமான கூட்ஸ் ஷெட்டில் ஏற்றும் வேலையை நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சும்மாடு கட்டிய தலையில் 40 கிலோவைத் தாங்கிக்கொண்டு, லாரிக்கும் வேகன் கதவுக்கும் இடையே போடும் பலகையில் கால் வைத்து உள்ளே போக வேண்டும். வேகன் உள்ளே காற்றே இருக்காது. கதவு பக்கவாட்டில் மட்டும்தான், அதனால் கடைசி மூலைகளில் இருந்து அட்டி போட்டுக்கொண்டு வர வேண்டும். இரும்புக் கூரை பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவு வரை விடாது. நெல்லின் சுணை கண்ணிலும் கழுத்திலும் ஒட்டி அரிக்கும். ஒரு வேகனுக்கு ஏறத்தாழ 1,190 மூட்டை. இப்படி 42 வேகனையும் ரயில்வே கொடுக்கும் இலவச நேரத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் தாமதக் கட்டணம். இரவு பகலாக இயங்கும் ஷெட் என்றால், வண்டி நடுநிசியில் வந்தாலும் நேரம் ஓட ஆரம்பித்துவிடும்.

இப்போது ரயில்வேக்குச் சொல்ல வேண்டியவை.

வண்டி வரும் நேரம் தெரியாததால் லாரிகள் முந்தின நாளே வந்து ஷெட் வாசலில் வரிசை கட்டுகின்றன. கூட்ஸ் ஷெட்டில் நிற்கும் ஒவ்வொரு லாரியும் கொள்முதல் நிலையத்துக்கு வராத லாரி. ரேக் பன்னிரண்டு மணி நேரம் தாமதமானால் அந்தத் தாமதம் ரயிலோடு நிற்பதில்லை, பத்து ஊர்க் களங்களுக்குப் போய்ச் சேர்கிறது. காலி ரேக் எங்கே கிளம்பியது, எங்கே நிற்கிறது, எப்போது வந்து சேரும் என்பதெல்லாம் உங்கள் கணினியில் இருக்கும் தகவல். அதை முந்தின நாள் மாலையே கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கு உறுதியாகச் சொல்லிவிட்டால், லாரியும் ஆட்களும் அதற்கேற்பப் புறப்படுவார்கள். இதற்குப் புதிதாக ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் மழை. கூரை பிளாட்பாரம் முழு நீளத்துக்கும் இல்லாத இடங்களில், மழை பிடித்தால் ஏற்றுவதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். நனைந்த மூட்டையை மூடிய வேகனுக்குள் வைத்து அனுப்பினால் போய்ச் சேரும்போது பக்கத்து மூட்டையையும் கெடுத்துவைக்கும். அந்த நேரத்துக்கும் தாமதக் கட்டணம் ஓடுகிறது. பிறகு விண்ணப்பம் போட்டுத் தள்ளுபடி கேட்கலாம், சரி. ஆனால் கட்டணத்துக்குப் பயந்து தூறலில் ஏற்றச் சொல்லும் கட்டாயம் அந்த இடத்தில், அந்த இரவில் இருக்கிறதே. உணவு தானியம் ஏற்றும் ரேக்குக்கு மழை பெய்த நேரத்தை ஷெட்டில் இருக்கும் ஊழியரே குறித்து அங்கேயே கழித்துவிடும் அதிகாரத்தைக் கொடுங்கள். அதைவிட நல்லது, கூரையை நீட்டுவது. ஒரு ரேக் 600 மீட்டருக்கு மேல் நீளம். அத்தனைக்கும் ஒரே நேரத்தில் போட முடியாவிட்டாலும், பாதி ரேக் நிற்கும் நீளத்துக்காவது நெல் ஏற்றும் முக்கிய நிலையங்களில் போடலாம்.

வேகன்களின் நிலை. சிமென்ட் ஏற்றி வந்த வேகன், உரம் ஏற்றி வந்த வேகன், கூரையில் ஓட்டை விழுந்த வேகன், கதவு சரியாக மூடாத வேகன் என்று கலந்து வந்தால், ஏற்றும் நேரத்தில் முதல் பங்கு கூட்டிப் பெருக்குவதற்கும் ஓட்டை அடைப்பதற்கும் போய்விடுகிறது. மக்கள் சாப்பிடப்போகும் பொருள் இது. ரேக்கை நெல்லுக்கு ஒதுக்கும்போதே, வரும் வழியில் பார்த்து ஒழுங்கு செய்து அனுப்புங்கள்.

நீடாமங்கலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். தஞ்சாவூரில் இருந்து திருவாரூர், நாகப்பட்டினம் போகும் தேசிய நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த ரயில்வே கேட்டைத் தெரியாத டெல்டாக்காரர் கிடையாது. நெல் ஏற்றும் ரேக்கைப் பிரித்து, எஞ்சினை முன்னும் பின்னும் இழுக்கும்போதெல்லாம் கேட் மூடும். இரண்டு பக்கமும் பேருந்து, ஆம்புலன்ஸ், பள்ளி வாகனம் எல்லாம் நிற்கும். நிற்கிறவர்கள் நெல் ரயிலைத் திட்டுவார்கள். நெல்லை விளைவித்தவனும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்பான். மேம்பாலம் கேட்டு ஊர் மக்கள் பேசாத கூட்டம் இல்லை. பாலம் ஒரு பக்கம் இருக்கட்டும், ரேக்கை உடைக்காமல் முழு நீளத்துக்கு நிறுத்தி ஏற்றும் பாதை ஊருக்கு வெளியே அமைந்தால், கேட்டும் விடுபடும், ஏற்றும் வேலையும் வேகமாகும். 2021 டிசம்பரில் ரயில்வே அறிவித்த கதி சக்தி சரக்கு முனையக் கொள்கையில் இதற்கு வழி இருக்கிறது. ரயில்வே நிலத்திலும் போடலாம், வெளி நிலத்திலும் போடலாம். தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் இடையில் அப்படி ஒரு தானிய முனையம் வருவதற்கு, கழகம் விண்ணப்பிக்கட்டும், ரயில்வே வழி காட்டட்டும்.

முழு ரேக்குக்காகவே காத்திருக்கவும் வேண்டாம். 20 வேகன் கொண்ட மினி ரேக்குக்கும், ஒரே ரேக்கை இரண்டு இடத்தில் ஏற்றுவதற்கும் இறக்குவதற்கும் உங்கள் விதிகளிலேயே இடம் உண்டு. மன்னார்குடியில் பாதி, நீடாமங்கலத்தில் பாதி ஏற்றலாம். பேரளத்தில் கொஞ்சம் ஏற்றி மயிலாடுதுறையில் நிறைக்கலாம். 50,000 மூட்டை ஓரிடத்தில் சேரும் வரை காத்திருப்பதைவிட, 20,000 மூட்டை சேர்ந்ததும் கிளம்புவது மழைக் காலத்துக்கு ஏற்றது. அறுவடை மாதங்களில் மட்டும் இந்த முறைக்குக் கூடுதல் கட்டணம் எதுவும் போடாமல் விட்டுக்கொடுங்கள்.

தஞ்சாவூர், திருவாரூர், காரைக்கால் தடம் ஒற்றைப் பாதை. அதில் காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியும் போகிறது, பயணிகள் வண்டியும் போகிறது, நெல்லும் போக வேண்டும். நிலக்கரி வருஷம் முழுக்க வரும் சரக்கு. குறுவை நெல்லுக்கு இருப்பது செப்டம்பர் தொடக்கத்தில் இருந்து வடகிழக்குப் பருவமழை வலுக்கும் வரை உள்ள ஆறேழு வாரம்தான். அந்த வாரங்களில் நெல் ரேக்குக்கு முன்னுரிமை கொடுத்தால் மின் நிலையம் எதுவும் அணைந்துவிடாது. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்தது 1861-இல். அடுத்த வருஷமே திருச்சி வரை போய்விட்டது. 160 வருஷத்துக்கு மேல் ஆன தடத்தில் இரட்டைப் பாதை கேட்பது பேராசை இல்லை என்று நினைக்கிறேன்.

இனி கழக நிர்வாகத்துக்கு.

ரயில்வேயிடம் ரேக் கேட்பதோடு உங்கள் வேலை முடியவில்லை. போன ரேக் எத்தனை மணி நேரத்தில் காலியானது என்பதும் உங்கள் பொறுப்பு. நெல் போய்ச் சேரும் ஊரில் கிடங்கு நிரம்பிக் கிடந்தாலோ, இறக்க ஆள் இல்லாமல் போனாலோ, ரேக் அங்கேயே நிற்கும். அங்கே நிற்கும் ரேக்தான் இங்கே வராத ரேக். பல சமயம் இங்கே கூட்ஸ் ஷெட்டில் வண்டிக்காகக் காத்திருக்கும்போது திட்டு வாங்குவது உள்ளூர் ரயில் நிலைய ஊழியர்தான். உண்மையில் முடிச்சு இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு கிடங்கு வாசலில் இருக்கலாம். எந்த மாவட்டத்துக்கு எத்தனை டன், அங்கே எந்த ஆலை, எந்தக் கிடங்கு, இறக்கப்போவது எத்தனை பேர் என்பதையெல்லாம் ரேக் கேட்கும்போதே எழுதிவைத்திருந்தால் இது நேராது.

எடை இழப்பு என்று ஒன்று இருக்கிறது. இதை வெளிப்படையாகப் பேச எல்லோரும் தயங்குகிறார்கள். 17 சதவீத ஈரத்தில் எடை போட்ட 40 கிலோ மூட்டை, வெயிலில் கிடந்து 15 சதவீதத்துக்கு வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ குறையும். யாரும் அள்ளவில்லை, தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது. ஆனால் குறைவு என்று கணக்கு வந்ததும் அது பருவகாலப் பணியாளர் தலையில் விழுகிறது, சம்பளத்தில் பிடித்தம் என்று வருகிறது. மூட்டை எத்தனை நாள் கிடக்கும் என்று அவருக்கே தெரியாதபோது, முன்கூட்டியே பாதுகாப்புக்குக் கொஞ்சம் சேர்த்துப் பிடிக்கலாமா என்ற எண்ணம் வருவதற்கு அங்கேயே இடம் உண்டாகிறது. தராசில் விவசாயிக்கும் பணியாளருக்கும் நடக்கும் சண்டையில் ஒரு பங்கு, வராத ரயிலால் வந்த சண்டை. நெல் பிடித்த நாளுக்கும் ஏற்றிய நாளுக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்து, அத்தனை நாளுக்கு இத்தனை எடை இயல்பாகக் குறையும் என்று கணக்கிட்டுக் கழித்துவிடுங்கள். தாமதத்துக்குப் பொறுப்பில்லாதவரிடம் தாமதத்தின் விலையை வாங்காதீர்கள்.

சுமைப்பணித் தொழிலாளர்களுக்கும் அட்டவணை தேவை. ஒரு வாரம் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்து, மறு வாரம் இரவு பகல் தொடர்ந்து மூன்று ரேக் ஏற்றச் சொன்னால் எந்த உடம்பு தாங்கும்? குடிக்கத் தண்ணீர், இரவில் ஒழுங்கான விளக்கு, கழிப்பறை, ஒதுங்கி உட்காரக் கூரை இவை இல்லாத ஷெட்களில் ஆள் சேர்வது வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டுதான் போகும். மூட்டையைத் தலைக்கு ஏற்றாமல் வேகன் கதவு வரை கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுகள் சிமென்ட் கிடங்குகளில் சாதாரணமாக ஓடுகின்றன. தொழிலாளர்களோடு பேசி, அவர்கள் கூலி குறையாதபடி ஒப்பந்தம் போட்டு, முதலில் ஒரு நிலையத்தில் ஓட்டிப் பார்க்கலாம். கொக்கி போட்டு இழுப்பதும் குறையும், வழியில் சிந்தும் நெல்லும் குறையும்.

அடிப்படையான கேள்வி ஒன்றையும் கேட்க வேண்டும். நெல்லாக ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும்? 100 கிலோ நெல்லை அரைத்தால் அரசுக் கணக்குப்படி புழுங்கலாக 68 கிலோ, பச்சரிசியாக 67 கிலோ. மீதி உமியும் தவிடும். உமியைச் சுமந்துகொண்டு தர்மபுரி வரை போகிறோம். அது மட்டுமா, நெல் இடத்தை அடைக்கும் சரக்கு. 42 வேகனில் 2,000 டன் என்றால் வேகனுக்கு 48 டன்தான் ஆகிறது. அரிசி என்றால் 21 வேகனில் 1,250 டன் ஏற்றுகிறார்கள், வேகனுக்கு 60 டன் பக்கம் வருகிறது. 2,000 டன் நெல்லை இங்கேயே அரைத்தால் 1,360 டன் புழுங்கல் அரிசி. அதற்கு 23 வேகன் போதும். 42 வேகன் வேலை 23 வேகனில் முடிகிறது. உமி இங்கேயே கொதிகலனுக்கு எரிபொருளாகும், ஆலை வேலையும் இங்கத்திய பிள்ளைகளுக்குக் கிடைக்கும். டெல்டாவில் அரவைத் திறனைப் பெருக்கினால் ரயில்வேக்கும் பாரம் குறையும். நாளைக்கே நடக்கிற காரியம் இல்லை என்பது தெரியும். அது வரை நெல்லைத்தான் ஏற்றியாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு வருஷமும் ரேக் கேட்கும் அதே சூட்டோடு, அரவைத் திறனையும் கேட்டு வாங்குங்கள்.

பஞ்சாபின் மோகாவில் இருந்து கோதுமை மூட்டையே இல்லாமல் ஹாப்பர் வேகனில் மேலே கொட்டி, சென்னையிலும் கோவையிலும் அடியில் திறந்து இறக்கும் ஏற்பாடு நம் நாட்டிலேயே இருக்கிறது. நெல்லுக்கும் அப்படிச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கோதுமை வெயிலில் காய்ந்து வரும் தானியம். எங்கள் குறுவை நெல் மழைக்கு நடுவே அறுத்த ஈர நெல், அதை அப்படியே சைலோ என்கிற உயரமான தானியக் கொள்கலனில் கொட்டினால் உள்ளேயே வெந்துபோகும். முதலில் உலர்த்தும் இயந்திரம் வேண்டும். ரயில் ஏற்றும் ஒவ்வொரு ஊருக்கும் பக்கத்தில் உலர்த்தும் வசதி வந்த பிறகுதான் மொத்தமாகக் கொட்டி ஏற்றும் பேச்சுக்கு அர்த்தம் உண்டு. உலர்த்திகள் வந்தால் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி அக்டோபர்தோறும் டெல்லிக்குக் கடிதம் எழுதும் நிலையும் மாறும்.

இதையெல்லாம் ஒரே வருஷத்தில் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. கூரை, முனையம், இரட்டைப் பாதை, ஆலை எல்லாம் பணமும் காலமும் கேட்கும் வேலைகள். அட்டவணைக்கு இரண்டும் தேவையில்லை. ஜூலை மாதம் ஒரு நாள், திருச்சியிலோ தஞ்சாவூரிலோ, கோட்ட அதிகாரிகளும் கழகத்தின் மண்டல மேலாளர்களும் வேளாண்மைத் துறையின் பரப்புக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். விவசாயிகள் சார்பிலும் சுமைப்பணித் தொழிலாளர்கள் சார்பிலும் லாரி உரிமையாளர்கள் சார்பிலும் ஆளுக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். எந்த வாரம் எந்த நிலையத்தில் எத்தனை ரேக், அது எந்த ஊருக்குப் போகிறது, அங்கே யார் இறக்குகிறார்கள் என்று எழுதுங்கள். ஆகஸ்ட் 15-க்குள் அந்தத் தாளை ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தின் வாசலிலும் ஒட்டுங்கள். சம்பா, தாளடிக்கு டிசம்பர் கடைசிக்குள் இதே போல இன்னொரு தாள். பருவம் நடக்கும்போது, கேட்ட ரேக் எத்தனை, வந்தது எத்தனை, ஏற்ற எத்தனை மணி நேரம், இறக்க எத்தனை மணி நேரம் என்ற நான்கு எண்களை வாரம் ஒரு முறை வெளியிடுங்கள்.

அப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் எங்கள் பக்கமும் சில வேலைகளைச் செய்ய முடியும். எங்கள் ஊர் ரேக் எந்த வாரம் என்று தெரிந்தால் அறுவடை வண்டியை அதற்கேற்பப் பேசுவோம். ஒரே நாளில் எல்லோரும் அறுத்துக் களத்தை அடைக்காமல் முறை வைத்துக்கொள்வோம். நெல்லை இரண்டு நாள் கூடுதலாகக் காயவைத்துக் கொண்டுவருவோம். ஊருக்கு ஊர் இதைப் பேசி முடிவு செய்யும் பொறுப்பை ஏற்க எங்கள் பகுதியில் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். ஜூலைக் கூட்டத்துக்கு எந்தத் தேதி என்று நீங்கள் சொன்னால், அன்றைக்கு எங்கள் பக்கத்துப் பரப்புக் கணக்கோடு வந்து சேருகிறோம்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்ட நெல் விவசாயி ஒருவர்